ஒரு தொகுதியா, இரண்டு தொகுதியா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். உயர்தரப் பரீட்சை கிட்ட வருவதாலோ என்னவோ, உயிரியல் படிக்கிற பிள்ளைகள் பலர் வாழ்க்கை வட்டங்களில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பரீட்சைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு விவசாயியும் ஒரு பேக்கரிக்காரரும் கேட்டதுகூட, சுற்றி வளைத்துப் பார்த்தால் அதே இடத்துக்குத்தான் வருகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. பாம்புக்கடி பற்றிக் கேட்ட திருக்கோவில் வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஒருமடியம் என்றால் விந்தும் முட்டையும், இருமடியம் என்றால் உடம்பு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது பாசிச் செடி முழுவதுமே ஒருமடியம் என்கிறார்கள். உடம்பு எப்படி ஒருமடியமாக இருக்கும்? வட்டங்களை எத்தனை தரம் கீறினாலும் மறந்துபோகிறது.
உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: குழப்பம் வராமல் இருந்தால்தான் அதிசயம், மகள். நாம் மனிதரில் தொடங்கிப் படிக்கிறோம், அதனால் மனிதர் செய்வதுதான் வழமை, மற்றதெல்லாம் விதிவிலக்கு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உயிர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நாம்தான் ஓரத்தில் நிற்கிறோம்.

நம் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள், அதாவது பரம்பரைச் செய்தியைச் சுமக்கிற நூல்கள், தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23. அந்த 23 ஒரு தொகுதி. கலத்தில் ஒரு தொகுதி இருந்தால் ஒருமடியம், இரண்டு இருந்தால் இருமடியம், வரைவிலக்கணம் அவ்வளவுதான். அது புணரியாக, அதாவது விந்து முட்டை போன்ற சேர்க்கைக் கலமாக, இருக்க வேண்டும், உடம்பாக இருக்கக்கூடாது என்றெல்லாம் அதில் எங்கும் இல்லை.

கருக்கட்டல் ஒன்றை இரண்டாக்கும், ஒடுக்கற்பிரிவு இரண்டை ஒன்றாக்கும். இலிங்கமுறையில் பெருகுகிற எந்த உயிரும் இந்த இரண்டையும் மாறி மாறிச் செய்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை நிறமூர்த்தம் இரட்டித்துக்கொண்டே போகும். ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகலாம், அந்த இடைவெளியில் எது வளரலாம் என்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. கலம் தன்னைப் போலவே இரண்டாகப் பிரிகிற இழையுருப்பிரிவு எண்ணிக்கையை மாற்றாது. ஒரு தொகுதி உள்ள கலமும் அதைச் செய்து வளரலாம், இரண்டு தொகுதி உள்ளதும் செய்து வளரலாம். நம்மில் இரண்டாவது மட்டும்தான் வளர்கிறது, ஒருமடியக் கலம் புணரியோடு முடிந்துபோகிறது. பாசியில் இரண்டுமே வளர்கின்றன, ஆனால் பெரிய பங்கு முதலாவதுக்கு.

மார்கழி மழைக்குப் பிறகு உங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெல்வெட் விரித்ததுபோல் இருக்கிற பச்சைக்கு மேலே சில இடங்களில் மயிர் மாதிரிக் காம்புகள் நிற்கும், அவற்றின் நுனியில் கபில நிறத்தில் சின்ன உறை. பச்சை முழுவதும் ஒருமடியம், அதுதான் புணரித்தாவரம். காம்பும் உறையும் இருமடியம், அது வித்தித்தாவரம், தாயின் தலையிலேயே நின்று தாயிடமே உறிஞ்சிக் குடிக்கிற பிள்ளை. ஒடுக்கற்பிரிவு நடப்பது அந்த உறைக்குள்ளே. அதிலிருந்து வருவது வித்தி, எதோடும் சேராமல் தனியே முளைக்கிற கலம், புணரி அல்ல. புணரியைப் பச்சைச் செடி இழையுருப்பிரிவால் உண்டாக்குகிறது, ஏனென்றால் அதில் குறைப்பதற்கு இரண்டாவது தொகுதியே கிடையாது. ‘பாசியில் புணரிகள் ஒடுக்கற்பிரிவால் தோன்றும்’ என்று எழுதிப் புள்ளியைக் கோட்டைவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

ஆகவே வட்டத்தைப் பாடமாக்குவதை விடுங்கள். எந்த உயிரைத் தந்தாலும் ஒடுக்கற்பிரிவு எந்தக் கலத்தில் நடக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் யார் வளர்கிறார் என்று மட்டும் கேளுங்கள், படம் தானாக வரும்.

இன்னொன்று. பாசியிலும் பன்னத்திலும் இரண்டு சந்ததி மாறி மாறி வருகிறது என்று 1851இல் வடிவாக நிறுவிய வில்கெல்ம் ஹொஃப்மைஸ்டருக்கு அப்போது 27 வயது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தகப்பனுடைய இசைப் புத்தக வியாபாரத்தில் வேலை. நிறமூர்த்தம் என்ற ஒன்றையே யாரும் கதைக்காத காலம் அது. வெறுமனே மெல்லிசாக வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தார். நிறமூர்த்த எண்ணிக்கை இரண்டு சந்ததிக்கும் வேறு வேறு என்று தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் பொருத்திக் காட்டியது 1894இல்தான். பிறகு ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் ஹொஃப்மைஸ்டரை நேரே பேராசிரியராகவே எடுத்துக்கொண்டது.

கேள்வி: எங்கள் வாய்க்காலில் பச்சை நூல் மாதிரி ஒரு பாசி, கையில் எடுத்தால் வழுக்கும். தண்ணீரை மறித்து வாய்க்கால் காய்ந்தால் அதுவும் தூளாகிவிடும். அடுத்த வெள்ளாமைக்குத் தண்ணீர் திறந்து கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. எங்கிருந்து?
விவசாயி, சம்மாந்துறை

பதில்: வழுக்குகிறது என்று நீங்கள் சொன்ன ஒன்றே போதும், அது பெரும்பாலும் ஸ்பைரோகைரா. கலத்துக்குக் கலம் பச்சை நாடா ஒன்று சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும் அல்கா, அதாவது நீர்ப்பாசி (மேலே சொன்ன கிணற்றுக்கட்டுப் பாசி வேறு, இது வேறு), பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியிலேயே தெரியும். அந்த நூலின் ஒவ்வொரு கலமும் ஒருமடியம். தண்ணீரும் வெயிலும் இருக்கும்வரை கலங்கள் இழையுருப்பிரிவால் கூடிக்கொண்டே போகும், நூல் நீண்டு அறுந்து இன்னும் பெருகும்.

நிலைமை கெடத் தொடங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற இரண்டு நூல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சின்னக் குழாய் நீட்டும், குழாய்கள் தொட்டு ஒன்றாகும், அதன் வழியாக ஒரு நூலின் கலத்தில் உள்ளதெல்லாம் அப்படியே மற்ற நூலின் கலத்துக்குள் போய்விடும். ஒரு பக்கம் முழுக்க வெறும் சுவர்கள், மறுபக்கம் கலத்துக்கு ஒன்றாக உருண்டைகள். அந்த உருண்டைதான் நுகம், இரண்டு கலம் சேர்ந்து ஒன்றானது. தடித்த சுவரைப் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் விழுந்து கிடக்கும். மேலே கச்சான் காற்று அடிக்கட்டும், நிலம் வெடிக்கட்டும், அதற்குக் கவலை இல்லை.

இந்தப் பாசியின் வாழ்க்கை முழுவதிலும் இருமடியமாக இருப்பது அந்த ஒற்றைக் கலம் மட்டும்தான். திரும்பத் தண்ணீர் வந்து முளைக்கிற நேரத்துக்குள் உள்ளே ஒடுக்கற்பிரிவு நடந்து நான்கு கரு வரும், மூன்று அழிந்துபோகும், மிச்சம் ஒன்றிலிருந்து ஒரு புது நூல். காற்றிலும் பறவைக் காலிலும் கொஞ்சம் வந்து சேரலாம், ஆனால் உங்கள் வாய்க்காலில் வருவதில் நிறையப் பங்கு உங்கள் சேற்றிலேயே கிடந்ததுதான்.

இதே வகையில் கிளமிடோமோனாசு என்று ஒரு கல அல்கா ஒன்று இருக்கிறது. ஆய்வுகூடத்தில் அதற்கு நைதரசன் தாராளமாகக் கொடுத்தால் ஒருமடியமாகவே பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும், சேர்க்கையைப் பற்றி நினைக்கவே நினைக்காது. நைதரசனை நிறுத்தினால் கொஞ்ச மணி நேரத்தில் அதே கலங்களே புணரிகளாகிச் சோடி தேடத் தொடங்கும். பஞ்சம் வந்தால் கல்யாணம், செழிப்பு வந்தால் பிரிவு. நம் ஊர் நடைமுறைக்கு நேர் எதிர்.

கேள்வி: தயிரில் உள்ள பற்றீரியா ஒருமடியமா, இருமடியமா?
மாணவன், ஓட்டமாவடி

பதில்: இரண்டும் இல்லை என்பதே நல்ல பதில். பற்றீரியாவில் பொதுவாக வளையமான நிறமூர்த்தம் ஒன்றுதான், ஆகவே பேச்சுக்கு ஒருமடியம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கருக்கட்டலும் ஒடுக்கற்பிரிவும் நடக்காத உயிரில் இந்தச் சொற்களால் வேலை இல்லை. எருமைத் தயிரை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ‘எளிய உயிர்கள் ஒருமடியம், முன்னேறிய உயிர்கள் இருமடியம்’ என்று வகுப்பில் குறிப்பு எடுத்தேன். சரிதானே? அப்படியே இரண்டு தொகுதி வைத்திருப்பதில் என்ன லாபம் என்றும் சொல்லுங்கள்.
மாணவன், கல்முனை

பதில்: தம்பி, அந்த வரியை இப்போதே பேனையால் வெட்டிவிடுங்கள்.

மட்டக்களப்பு வாவியில் மட்டும் அல்ல, உப்போ நன்னீரோ எந்தத் தண்ணீரில் ஒரு துளி எடுத்தாலும் கண்ணில் படக்கூடியவை தயற்றங்கள். ஒரே ஒரு கலம், சுற்றிலும் சிலிக்காவால் ஆன இரண்டு ஓடுகள், பெரியது மேலே, சற்றுச் சின்னது அதற்குள் பொருந்தி. இதைவிட எளிய உயிரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், ஆனால் அது இருமடியம். நம்மைப் போலவே அதிலும் புணரி மட்டும்தான் ஒருமடியம். பிரியும்போது ஆளுக்கு ஓர் ஓடு கிடைக்கும், இல்லாததைப் புதிதாகக் கட்டவேண்டும். அவை எப்போதும் உள் ஓட்டையே கட்டும் என்பதால் சின்ன ஓடு கிடைத்த பிள்ளை தாயைவிடச் சிறுத்துவிடும், அதன் பிள்ளை இன்னும் சிறுக்கும். பல இனங்களில் இப்படியே போய் ஒரு அளவுக்குக் கீழே வந்ததும்தான் ஒடுக்கற்பிரிவு செய்து புணரி உண்டாக்கும். சேர்ந்து வருகிற நுகம் ஓடு இல்லாமல் ஊதிப் பெருத்து, பழைய அளவுக்கு வந்த பிறகு புதிதாக ஓடு கட்டும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. பரீட்சையில் வராது என்பதற்காக யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கடல் பாறையில் ஒட்டி வளரும் உல்வா இன்னொரு விதம். கீரை இலை மாதிரிப் பச்சைத் தகடு, இரண்டே கலத் தடிப்பு. ஒருமடியத் தகடும் இருமடியத் தகடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அவை வெளியே விடுகிற கலங்களைப் பார்த்தால் பிடிபடும். இருமடியத் தகடு ஒடுக்கற்பிரிவால் விடுகிற வித்திக்கு நீந்துவதற்கு வால் போன்ற நான்கு சவுக்குமுளை, ஒருமடியத் தகடு விடுகிற புணரிக்கு இரண்டு.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். தேனீயில் ஆண் ஒருமடியம், கருக்கட்டாத முட்டையிலிருந்து வந்தது, 16 நிறமூர்த்தம். பெண்ணுக்கு 32. அவுஸ்திரேலியாவில் ஒரு எறும்பினத்தின் ஆணுக்குக் கலத்தில் நிறமூர்த்தம் ஒன்றே ஒன்று. தேனீயையும் எறும்பையும் எளிய உயிர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லாபம் என்ன என்றால், விதைநெல்லை இரண்டு வீட்டில் வைத்தது மாதிரி, ஒன்றில் பூச்சி விழுந்தாலும் மற்றது கைகொடுக்கும். ஒரு பரம்பரையலகில் விகாரம் வந்து கெட்டுப்போனாலும் மற்றத் தொகுதியில் உள்ள நல்ல பிரதி வேலையைச் செய்யும். நட்டமும் அதுவேதான், கெட்ட பிரதி ஒளிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக வரும். ஒருமடிய உயிரில் ஒளிய இடம் இல்லை, கெட்டது கெதியாகக் கழிந்துபோகும், நல்லதும் உடனே தலைகாட்டும்.

கேள்வி: பாணுக்குப் போடுகிற மதுவம் பைக்கற்றில் தூளாகக் கிடக்கிறது, சூடான தண்ணீரில் போட்டால் பொங்குகிறது. இது ஆண் பெண் எல்லாம் உள்ள உயிர் என்று மகன் சொல்கிறான். உண்மையா?
பேக்கரிக்காரர், காத்தான்குடி

பதில்: ஆண் பெண் இல்லை காக்கா, ஆனால் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்கு ஏ, மற்றதுக்கு அல்பா என்று பெயர். அளவில், தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஏ அல்பாவோடு மட்டும்தான் சேரும். மகன் சொன்னதில் பாதி சரி.

மதுவத்துக்கு எந்தப் பக்கமும் பிடிவாதம் இல்லை. 16 நிறமூர்த்தத்தோடு ஒருமடியமாகவும் அரும்பி அரும்பிப் பெருகும், இரண்டு சேர்ந்து இருமடியமாகி 32 ஆனாலும் அதே மாதிரி அரும்பும். இருமடியத்தைப் பட்டினி போட்டால் ஒடுக்கற்பிரிவு நடத்தி ஒரு பைக்குள் நான்கு வித்தி வைக்கும். இந்த மாறி மாறி வருகிற ஒழுங்கை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் இருந்த ஆய்வாளர் விங்கே 1935இல் காட்டினார். உங்கள் பைக்கற்றில் இருப்பது பெரும்பாலும் மனிதன் பொறுக்கி எடுத்து வளர்த்த வகை, இரண்டு தொகுதி மட்டும் அல்ல, மூன்று நான்கு தொகுதி உள்ளவையும் உண்டு. மா பொங்குவதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு விடுவதை எல்லாக் கட்டமும் செய்யும். தண்ணீர் கையில் சுடாத அளவு மட்டும் இருக்கட்டும். கொதித்தால் எந்தத் தொகுதியும் மிஞ்சாது.

கேள்வி: மலேரியாக் கட்டுப்பாட்டு வேலையில் பல வருடம் இரத்தப் பூச்சு எடுத்தவன் நான். நோயாளியின் இரத்தத்தில் பார்த்த அந்த ஒட்டுண்ணி ஒருமடியமா?
ஓய்வுபெற்றவர், வாகரை

பதில்: ஆம் ஐயா, நீங்கள் கண்ணாடித் துண்டில் பார்த்ததெல்லாம் ஒருமடியம், 14 நிறமூர்த்தம். ஈரலுக்குள் பெருகுவதும் அப்படித்தான், செங்குருதிக் கலத்துக்குள் பெருகுவதும் அப்படித்தான். மனித உடம்பில் பிளாஸ்மோடியம் என்ற இந்த ஒட்டுண்ணி இருமடியமாக இருக்கும் நேரமே கிடையாது. ஆண் பெண் புணரிகளாகப் போகிற கலங்கள் நம் இரத்தத்தில் உண்டாகிக் காத்துக்கொண்டிருக்கும், நுளம்பு உறிஞ்சினால்தான் அவற்றுக்கு விடிவு.

நுளம்பின் வயிற்றுக்குள் போனதும் சூடு குறைகிறது, நுளம்பில் உள்ள ஒரு இரசாயனமும் சேர்ந்து தட்டி எழுப்புகிறது. ஆண் கலம் கால் மணி நேரத்துக்குள் எட்டுப் புணரிகளாகி, சவுக்கு மாதிரித் துடித்துக்கொண்டு வெளியே வரும். அல்ஜீரியாவில் லாவெரான் என்ற மருத்துவர் 1880இல் ஒரு படைவீரரின் இரத்தத்தில் நூல்கள் துடிப்பதைக் கண்டு, இது உயிருள்ள ஒட்டுண்ணி என்று முடிவுக்கு வந்தாரே, அவர் பார்த்தது இதைத்தான். கண்ணாடியில் இரத்தம் ஆறியதும் ஒட்டுண்ணி நுளம்புக்குள் வந்துவிட்டதாக ஏமாந்துபோயிருக்கிறது. அது கருக்கட்டலுக்கான ஏற்பாடு என்று மக்கலம் என்ற ஆய்வாளர் பறவை ஒட்டுண்ணியில் கண்டுபிடிக்க 1897 ஆகிவிட்டது.

நுகம் உண்டாகிச் சில மணி நேரத்திலேயே ஒடுக்கற்பிரிவு தொடங்கிவிடும். மறுகா நுளம்பின் குடல் சுவரில் ஒரு முடிச்சாக இருந்து ஆயிரக்கணக்கில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போவதெல்லாம் மறுபடியும் ஒரு தொகுதியோடுதான். மருந்துக்கு அடங்காத மலேரியா கெதியாகப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தைத் தாங்குகிற விகாரம் ஒன்று வந்தால் அதை மறைக்க இரண்டாவது பிரதி இல்லை, அன்றைக்கே பலன் கிடைத்துவிடும். உங்களைப் போன்றவர்களின் உழைப்பால் 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்று அடங்கி, 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இரத்தப் பூச்சு எடுத்த கைகளை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் உள்ள குறை.

கேள்வி: பாசியும் பன்னமும் எத்தனை தொகுதி வைத்திருந்தால் நமக்கு என்ன? பிள்ளைகளை ஏன் இப்படி வதைக்கிறார்கள்?
ஒரு தகப்பன், அக்கரைப்பற்று

பதில்: வதைப்பது பற்றி உங்களோடு உடன்படுகிறேன். பிரயோசனம் பற்றி இல்லை.

ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுகிற நோரி என்ற கறுப்புத் தாள் ஒரு கடற்பாசி. குளிர்காலத்தில் வளரும், கோடையில் காணாமல் போய்விடும். கடலில் வலையும் மூங்கிலும் நட்டு, வித்து வந்து ஒட்டினால் அதிர்ஷ்டம் என்று இருந்தார்கள் வளர்ப்பவர்கள். கோடையில் அது எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் கத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பெண், கல்யாணம் முடித்த காரணத்தால் விரிவுரையாளர் வேலையை இழந்து சம்பளம் இல்லாமல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், அதே வகைப் பாசியின் வித்திகளைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார். அவை சிப்பி ஓட்டுக்குள் துளைத்துக்கொண்டு இறங்கி இளஞ்சிவப்பு நூல்களாக வளர்ந்தன. அந்த நூல்களை அதுவரை வேறொரு இனம் என்று நினைத்துத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். இலை ஒருமடியம், ஓட்டுக்குள் இருந்த நூல் இருமடியம், இரண்டும் ஒரே உயிர். 1949இல் அதை வெளியிட்டார்.

ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைப் பிடித்துக்கொண்டு, கோடையில் தொட்டிகளில் சிப்பி ஓடுகளில் நூலை வளர்த்து, அதன் வித்திகளை வலையில் ஏற்றிக் கடலில் இறக்கும் முறையை உண்டாக்கினார்கள். அதிர்ஷ்டத்தை நம்பிய தொழில் விவசாயமாக மாறியது. ஜப்பானுக்கு ஒரு தடவைகூடப் போகாமலே 1957இல் அவர் இறந்துபோனார். 1963இல் ஊட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். வருடா வருடம் ஏப்ரல் 14இல் அங்கே அவரை நினைவுகூருகிறார்கள்.

கேள்வி: பன்னத்தின் ஒருமடியக் கட்டத்தை வீட்டில் பார்க்க வழி உண்டா? புத்தகத்தில் இதய வடிவில் படம் மட்டும்தான் இருக்கிறது.
மாணவி, செங்கலடி

பதில்: உண்டு, செலவும் இல்லை. காட்டுப் பன்னம் ஒன்றின் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கபிலப் புள்ளிகள் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளில் விழுந்திருக்கிற தூள்தான் வித்தி, ஒடுக்கற்பிரிவு முடிந்து வந்தது. கடையில் வாங்குகிற அலங்காரப் பன்னங்களில் சிலவற்றின் வித்தி முளைக்காது, அதனால் கிணற்றடியிலோ மதகு ஓரத்திலோ தானாக வளர்ந்ததைத் தேடுங்கள். செங்கல் துண்டு ஒன்றைக் கொதிநீர் ஊற்றிச் சுத்தமாக்கி, ஆறியதும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கொஞ்சம் கொதித்தாறிய நீரோடு வைத்து, தூளை மேலே மெல்லிசாகத் தட்டி மூடிவிடுங்கள். நேர் வெயில் படக்கூடாது, வெளிச்சம் வேண்டும். திறந்து திறந்து பார்த்தால் பங்கசு பிடிக்கும்.

சில வாரத்தில் செங்கல் பச்சை பூசியதுபோல் ஆகும், பிறகு சில மில்லிமீற்றர் அளவில் தட்டையான சின்ன இதயங்கள் தெரியும். அதில் ஒன்றைக் கவிழ்த்துக் கைவில்லையால் பாருங்கள், மயிர் போன்ற வேர்ப்போலிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஆண் உறுப்புகள், பிளவுக்குக் கிட்டப் பெண் உறுப்புகள், இவற்றைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். பெட்டியில் நீர்ப் படலம் இல்லாவிட்டால் விந்து முட்டையிடம் நீந்திப் போகாது, ஆகவே இதயங்கள் பெருத்த பிறகு மேலே கொஞ்சம் நீர் தெளித்துவிடுங்கள். பொறுமை இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் இதயத்தின் பிளவுக்குக் கிட்ட முதல் குட்டி இலை எழும்பும், அது இருமடியம். வேர் பிடித்ததும் இதயம் வாடிவிடும். உங்கள் பிழை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.